ஆளில்லா வீடுகள் பதினொன்று

அனுப்புநர்:
மோ. ரெஜினா (வயது 34), த/பெ மோசஸ்,
கதவு எண் 4, சீயோன்மேடு,
கடம்பூண்டி ஊராட்சி, செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: ஆள் குடியிருக்கும் பதினொரு வீடுகளைக் காலி வீடுகள் எனப் பதிந்ததைத் திருத்தவும், 12.07.2025 அன்று இடிக்கும் நாளை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முட்டுக்காட்டுக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய சீயோன்மேட்டில் நாற்பத்தொரு பேர் வசிக்கிறோம். மதுராந்தகம் பக்கம் வயலில் கூலி வேலை செய்த எங்கள் பெற்றோர், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்ததால் வேலை மறுக்கப்பட்டு 1987இல் இங்கே வந்தார்கள். அப்போது இது உப்புப் பூத்த மேடு, ஆடுகூட மேயாது. கரை கட்டி, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள். இப்போது கத்திரியும் கீரையும் விளைகின்றன. விளைந்த பிறகுதான் இது அரசுப் புறம்போக்கு என்பது பலருக்கு நினைவு வந்தது.

2. எங்கள் பக்கத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் குடும்பத்துக்கொரு பட்டா தருவதாக அதிகாரிகள் வந்தார்கள். நிலம் கர்த்தருடையது, பெயர் போட்டுப் பிரிக்க மாட்டோம் என்று சபை மூப்பரான என் தகப்பனார் திருப்பி அனுப்பினார். சபைக்கு மொத்தமாகத் தர வழியில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று இந்தத் தொல்லையே இல்லை. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

3. வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனி பொழுது சாயும்வரை நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை, கதவைத் திறப்பதில்லை, ஜெபம் தவிர வாய் திறப்பதில்லை. யார் தட்டினாலும் அப்படித்தான்.

4. படகுத்துறைக்குப் புதிதாகப் போடவிருக்கும் சாலைக்காக 14.06.2025 சனிக்கிழமை அளவைக் குழு வந்தது. விடுமுறை நாளிலும் வெயிலில் உழைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பதினொரு கதவையும் தட்டினார்கள். என் கதவை மூன்று முறை. உள்ளே நானும் தகப்பனாரும் என் ஆறு வயது மகளும் இருந்தோம். "யாரும் இல்ல சார், பூட்டிக்கினு எங்கியோ பூட்டாங்க" என்று வெளியே ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. கதவில் பூட்டுத் தொங்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்கலாம். நானும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

5. "பயன்பாட்டில் இல்லாத கட்டடங்கள் 12.07.2025 காலை பத்து மணிக்கு அகற்றப்படும்" என்ற அறிவிப்பு இப்போது ஒட்டப்பட்டுள்ளது. அதுவும் சனிக்கிழமை. அந்த ஒரு நாள் மட்டும் வெளியே வந்து நில்லுங்கள் என்று சபையாரிடம் கெஞ்சினேன். "அவுங்களால நாள மாத்த முடியும்மா, நம்மால முடியாது" என்றார் தகப்பனார். பேச்சு அதோடு முடிந்தது.

6. பட்டா கேட்டு இதை எழுதவில்லை. ஆள் இருக்கிறோம் என்று பதிவு செய்யுங்கள். வேறு எந்த நாளில் விசாரணைக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வோம். ஒருபோதும் பெயர் எழுதித் தராத நாங்கள், இம்முறை நாற்பத்தொரு பெயரையும் வயதோடு இணைத்திருக்கிறோம்.

7. நாளை மாற்ற இயலாது என்றால், இடிக்கும் இயந்திரத்தை ஓட்டி வருபவரிடம் இம்மனுவின் நகல் ஒன்றைத் தயவுசெய்து கொடுத்தனுப்பவும். அவர் தட்டிப் பார்ப்பார், பதில் வராது. நான் உட்பட அனைவரும் உள்ளேதான் இருப்போம்.

நாள்: 07.07.2025
இடம்: சீயோன்மேடு

மனுதாரர்,
மோ. ரெஜினா