ஆணி டப்பாவுக்குள் கிடந்த மாத்திரை

மகளுக்கு அம்மா எழுதுவது. மகளுக்கு என்பதன் முன்னால் அன்புள்ள என்று போட இடம் விட்டிருக்கிறேன், இப்போதைக்கு அது காலியாகவே கிடக்கட்டும். கடவுள் புண்ணியத்தில் நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுமென்று காலையில் வேண்டிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாலும் அவர் காதில் விழத்தான் செய்யும். உன் அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளாகியும் முகம் வெளுத்துப்போய்த்தான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார், நான் பார்த்துவிட்டால் சுவரில் விரிசல் இருக்கா என்று தட்டிப் பார்ப்பவர்போல நடிப்பு வேறு.

நேற்று உன் பார்சல் வந்தது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, அதில் ஒன்றுக்குள் அதே வலி மாத்திரை டப்பா, குலுங்கிச் சத்தம் வராமல் இருக்கப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறாய். இந்தத் திருட்டுப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்ததடி? என் வயிற்றில் இதற்கெல்லாம் இடமில்லை. உன் அப்பா, சோபா வேலைக்கு ஸ்பாஞ்சு வாங்கும் கடைக்காரரின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, முட்டி வலி உயிர் போகுதும்மா, உங்கம்மாவுக்குத் தெரியாம இன்னொரு டப்பா அனுப்பிவிடு என்று கேட்டாராம். கேட்டால் அனுப்பிவிடுவாயா? குழந்தை கத்தியைக் கேட்டால் கைப்பிடியைத் துடைத்துக் கொடுப்பவள்தானே நீ. உன் அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது, சாப்பிட்டப்புறம் போடச் சொல்லித்தானே அனுப்பினேன், அதுவுமில்லாம அப்பாவே ஆணிதான் காரணம்னு சொல்றாரே என்றாயாம். அந்த ஆணிக் கதையை நீ நம்பியதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நடந்ததை நான் எழுதுகிறேன், முழுதும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

சோபாவுக்குத் துணி இழுத்து அடிக்கும்போது உன் அப்பா சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளிக் காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பார், நீ பார்த்து வளர்ந்ததுதான். மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் மேல்வயிற்றில் குத்துகிறது என்றார். உடனே ஸ்பாஞ்சுக் கடைக்காரர், நம்ம தொழில்ல இது சகஜம், ஆணி உள்ள போயிருக்கும், வாழைப்பழம் சாப்பிட்டா வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும் என்று வைத்தியம் சொல்லிவிட்டார். இரண்டு மேதைகளும் சேர்ந்துவிட்டால் கேட்கவா வேண்டும்? வேளாவேளைக்கு வாழைப்பழம், கூடவே குத்தலுக்கு உன் வலி மாத்திரை. முட்டி வலிக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, வலி எதுவானா என்ன மாத்திரை ஒண்ணுதானே என்ற கணக்கு. நான் பிரார்த்தனை முடித்து எழும்வரை இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியும், அவரும் சாப்பிடமாட்டார், ஆனால் மாத்திரை சாப்பாட்டில் சேராதே என்று வெறும் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணை மூடிக் கடவுளிடம் இவர் ஆயுசைக் கேட்டுக்கொண்டிருந்தேன் நான், எனக்குப் பின்னாலேயே நின்று இவர் விழுங்கிக்கொண்டிருந்தார். வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று, ஒரு கெட்ட வாடையோடு போனதாம். அதை என்னிடம் சொல்லவில்லை, இரும்பு கரைந்து வருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். கழிவறைக்குள் அந்தக் காந்தச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எதற்கென்று நான் எழுதமாட்டேன், நீயே யோசித்துக்கொள்.

கடைசியில் ஒருநாள் கழிவறைக்கு வெளியே சுருண்டு விழுந்தார். உன் அண்ணன்தான் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனான். டாக்டரம்மா வாய்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார், ஆணியும் இல்லை ஒன்றுமில்லை, இரைப்பைக்குள் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புண்ணுக்குக் கிருமி ஏதாவது காரணமா என்றும் சோதித்தார்கள், இல்லை. எத்தனை நாளா இந்த வலி மாத்திரை என்று கேட்டார், உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. புண்ணை அடைத்து ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், நான்தான் மேலே சொல்லவேண்டாம் என்றேன்.

அவர் படுத்திருந்த நாளில் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நூலகத்திலிருந்து உடம்பைப் பற்றிய புத்தகம் எடுத்துவந்து, புரியாத சொல்லுக்கு அகராதி பார்த்து, சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவைக் கேட்டுப் படித்தேன். உனக்கும் சொல்கிறேன் கேட்டுக்கொள். வீட்டு வரவு செலவு எழுதுகிறவளுக்குக் குடல் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. வாய்தான் வாசல், வரும் சரக்கை உடைத்து எச்சில் சேர்த்து அனுப்பும். உணவுக்குழாய் அதைத் தன் தசையாலேயே பிசைந்து கீழே தள்ளும். இரைப்பையில் இருக்கும் அமிலம் இறைச்சியையே கரைத்துவிடும், நம்முடைய இரைப்பையும் இறைச்சிதானே, அதை ஏன் கரைக்கவில்லை என்று யோசித்திருக்கிறாயா? உள்சுவர் முழுக்க வழவழவென்று ஒரு சளிப் பூச்சைக் கடவுள் பூசி வைத்திருக்கிறார். அந்தப் பூச்சு நாளெல்லாம் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். உன் மாத்திரை வலியை நிறுத்தும்போதே அந்தச் சுரப்பையும் சேர்த்து நிறுத்துகிறது. சாப்பிட்டபின் போட்டால் பரவாயில்லை என்கிறாயே, அது ரத்தத்தில் கலந்து பின்வாசல் வழியாக வந்தும் பூச்சைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆக, வெறும் வயிறு பாதிக் குற்றம்தான், மீதி உன் டப்பாவினுடையது. பூச்சு போன இடத்தில் அமிலம் தன் வீட்டையே தின்னும். கசிந்த ரத்தம் குடல் முழுக்க நடந்து செரிமானமாகி வரும்போது கறுப்பாகிவிடுமாம், அதைத்தான் உன் அப்பா இரும்பு என்று கொண்டாடியது.

இரைப்பை தாண்டினால் சிறுகுடல், பித்தமும் கணைய நீரும் அங்கேதான் வந்து சேரும், வரவில் உபயோகமானதையெல்லாம் அதுதான் எடுத்து ரத்தத்தில் வரவு வைக்கும். மிச்சம் பெருங்குடலுக்கு, அது தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். போக வேண்டிய நேரத்தில் போகாமல் அடக்கினால் அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிடக்கக் கிடக்கக் கல்லாகிவிடும். வேலை நடுவில் எழுந்து போக வெட்கம் என்று நீ அடக்குகிறாயே, அதுதான் உன் மூலத்துக்கு மூலகாரணம். தண்ணீர் குடி, காய்கறி தின்னு, வந்தால் எழுந்து போ, வெட்கம் கெட்டால் கெடட்டும். உன் அண்ணனுக்கோ நெஞ்சு எரிச்சல். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வயிறு முட்டத் தின்று அப்படியே சாய்கிறான், உணவுக்குழாய்க்கு அடியிலிருக்கும் சுருக்குத் தசை தளர்ந்து அமிலம் மேலே ஏறுகிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருடா என்றால், வீட்டுக்குள்ளயே டாக்டர் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று கிண்டல். இந்த வீட்டில் யாருக்குத்தான் நான் சொன்னது உறைத்திருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மண்டபத்துக்கு நாற்காலி எல்லாவற்றுக்கும் மெத்தை மாற்றும் வேலையை உன் அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார், தரையில் முட்டிபோட்டே செய்யவேண்டியது. முட்டிக்குத் தடவ மருந்தும் ஒத்தடமும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அது அவருக்குக் கேவலமாக இருக்கிறது. போன வாரம், நான் தைத்துக் கொடுத்த மெத்தை உறைக்கு அடிக்க ஆணி எடுக்கப் போனேன், ஆணி டப்பாவுக்குள் ஆணியோடு ஆணியாக உன் பழைய மாத்திரை கிடந்தது. சாக்கடையில் கொட்டினேன். வீடே இடிந்துவிழக் கத்தினார். மருந்துக் கம்பெனியில வேலை பாக்கிற என் பொண்ணுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், நூலகத்து டாக்டரே என்றார். நீ அங்கே பெட்டிக்கு முகவரி ஒட்டும் பிரிவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. தெருவெல்லாம் என் மகள் மருந்து செய்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். நீயும் ஒருநாளும் இல்லை அப்பா என்று சொன்னதில்லை, கேட்கச் சுகமாக இருந்தது போலிருக்கிறது.

அந்தச் சுகம் இனி போதும். டாக்டரம்மா சொன்னது, நான் சொன்னது, உன் அண்ணன் சொன்னது எதுவும் ஏறவில்லை. நீ சொன்னால்தான் கேட்பார். உன்னிடம் போய் இதைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடியும் நேரத்துக்குப் போன் செய். அப்பா, நான் முகவரி ஒட்டுகிறவள், எனக்கு மருந்து தெரியாது, அந்த மாத்திரையை இனிமேல் தொடாதே என்று உன் வாயால் சொல். பாதி சொல்லி மழுப்பாதே. அவர் முகம் விழுந்துபோகும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், முகம் விழுந்தால் தூக்கிவிடலாம். ஆள் விழுந்தால் இன்னொரு தடவை தூக்க என் உடம்பில் தெம்பில்லை.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் குறைவில்லாமல் வைக்கட்டும், உன் வயிற்றுக்கு நல்ல பசியையும் வாய்க்கு உண்மையையும் கொடுக்கட்டும். மாத்திரை டப்பாவை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், பஞ்சு எடுக்காமல். காலுறையை மட்டும் வைத்துக்கொண்டேன், ராத்திரி ஒத்தடம் கொடுத்தபின் அவருக்குப் போட்டுவிட்டேன், அளவு சரியாக இருக்கிறது. அதற்குள் டப்பா இருந்தது இன்னும் அவருக்குத் தெரியாது, காலைத் தடவித் தடவிப் பார்த்து என் பொண்ணு அனுப்பினது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறக்காதே. நீ பேசி முடித்ததும், மேலே நான் விட்ட இடத்தில் அந்த ஒரு சொல்லை நீயே எழுதிக்கொள், நான் எழுதியதாக.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்