மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

ஜூன் 4

இன்று முப்பத்தெட்டு பேர். ஒருவரிடமாவது "முடியும்" என்று சொன்னேனா? நினைவில்லை.

போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இரண்டாம் கவுன்ட்டர் என்னுடையது. ஒரு படிவம், ஐந்து கட்டங்கள். வாடிக்கையாளர் படித்துப் பார்த்து அவரே டிக் போட வேண்டும் என்பது விதி. அவர்கள் படிக்க ஆரம்பித்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். அதனால் ஐந்தையும் நானே டிக் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் படிவத்தைத் திருப்பிக் காட்டுவேன். எல்லாக் கவுன்ட்டரிலும் அப்படித்தான்.

மதியம் ஒரு தையல்காரர் வந்தார். வெளியிலிருந்து இறக்கிய ஏதோ ஒரு ஆப்பை அவர் போன் ஏற்க மறுக்கிறது. "நான் வாங்கின போன். எனக்குப் பிடிச்சதை நான் போட்டுக்கறேன். வேண்டாங்கறதுக்கு நீங்க யாரும்மா?" என்றார். பாதுகாப்புக்காகத்தான் சார் என்றேன். "வீட்டை வித்துட்டு சாவியை நீங்களே வெச்சுக்குவீங்க. அதுக்குப் பேரு பாதுகாப்பா?"

அதற்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். பொய்யும் இல்லை. போன மாதம் ஒரு பெண், யாரோ அனுப்பிய ஆப்பைப் போட்டுவிட்டு, வங்கியில் இருந்த அத்தனையும் போய், இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். யார் சொல்வது சரி என்று நான் யோசிப்பதில்லை. வரிசை நகர்ந்தால் சரி.

ஜூன் 9

வீட்டில் என் கணவருடைய போன் முதுகு உப்பிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி. நாளைக்கு எங்கள் சென்டரிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு நாள் போன் இல்லாமல் எப்படி இருப்பார் என்பதுதான் யோசனை. மற்றவர்களுக்குப் போன் இல்லையென்றால் போர் அடிக்கும். இவருக்கு வாய் இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பதினொரு நாள் படுக்கையறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு ஆப்புக்காகப் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிவு செய்தார். இப்போது எதைத் தட்டச்சு செய்தாலும் அது இவர் குரலில் வருகிறது. ஜலதோஷம் பிடித்த இவர் குரல் என்று சொல்லலாம். ஆனால் திட்டும்போது அச்சு அசல் இவரேதான். டிரைவிங் ஸ்கூலில் சாலை விதி வகுப்பை இதை வைத்துத்தான் நடத்துகிறார்.

ஜூன் 10

கிளம்பும்போது சொன்னார்: "பேட்டரி மட்டும் மாத்தினா போதும். வேற எதையும் தொட வேண்டாம்னு சொல்லு." சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இன்று நாற்பத்தொரு பேர். இவருடைய படிவத்தையும் நடுவில் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 11

போன் வந்துவிட்டது. இவருடைய குரல் ஆப் திறக்கவில்லை.

ஜூன் 12

எழுதி வைத்தாலாவது புரிகிறதா பார்க்கலாம்.

உள்ளே பழுது பார்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் லென்ஸ். எப்போதும் ஒரு கண்ணில் லென்ஸ் இருக்கும். அவன் சொன்னது: இவருடைய ஆப்பைக் கம்பெனி போன வருடமே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டதாம். புது விதிகளுக்கு ஏற்ப அதைச் செய்தவர் மாற்றித் தரவில்லை. ஏற்கெனவே போட்டிருந்தவர்களுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புது மென்பொருள் ஏறினால் அதுவும் நின்றுவிடும். இவர் ஒரு வருடமாக "பிறகு" என்ற பொத்தானையே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். சோம்பல் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"பேட்டரி மாத்த அப்டேட் தேவையே இல்லக்கா. நீங்க மூணாவது கட்டத்துல, அதான் அப்டேட்டுக்குச் சம்மதம்ங்கற இடத்துல, டிக் போட்டிருந்தீங்க. போட்டிருந்தா நான் பண்ணித்தான் ஆகணும்."

பழையதைத் திரும்பப் போட முடியாதா?

"கம்பெனி விடாது."

குரல்?

"உள்ளேதான் இருக்கு, எங்கேயும் போகலை. அந்த ஆப் மட்டும்தான் அதைத் திறக்கும். அந்த ஆப்பைத் திறக்க இவங்க விட மாட்டாங்க."

நான் தலையாட்டினேன். இதையே தினம் நாலு பேரிடம் நானும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து இவரிடம், "நான் சொன்னேங்க. அவங்களே பண்ணிட்டாங்க" என்றேன். என்னையே பார்த்தார். சைகையில் பேப்பர் கேட்டார். "சரி" என்று எழுதினார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? போட்டது நான்தானே. என் கைதானே.

ஜூன் 15

அடுத்த தெருவில் எல்லாப் பூட்டையும் திறப்பவர் என்று பெயர் எடுத்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையை எங்கள் சுவரில் ஒட்டியதே நான்தான். பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் வந்திருந்தா குரலை வெளியே எடுத்துக் குடுத்திருப்பேன். இந்தப் புதுசுல கதவையே செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்கம்மா." எதுவும் வாங்க மாட்டேன் என்றார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஜூன் 17

ஆப்பைச் செய்தவர் பதில் எழுதியிருக்கிறார். தனி ஆள். இப்போது வேறு வேலையில் இருக்கிறாராம். "யாருடைய குரலையும் நான் என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அது அவரவர் போனிலேயே இருப்பதுதான் முறை என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்."

நல்ல மனிதர். கோபப்படக்கூட வழியில்லை.

ஜூன் 24

கம்பெனிக்கு வாடிக்கையாளராக மனு போட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது. "உங்கள் சிரமத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்."

இது நாலாவது மாதிரிக் கடிதம். நானே அனுப்புவது. எந்த வரிக்குப் பிறகு "எனினும்" வரும் என்று தெரியும். வந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வராததால் எழுந்து துணியைக் காயப்போட்டேன்.

ஜூன் 28

கம்பெனி கடையிலேயே, கம்பெனி அனுமதித்த பேச்சு ஆப் ஒன்று இருக்கிறது. இருக்கிற போனைத் தொடாமல், புதுசு ஒன்று வாங்கி அதில் போட்டுக் கொடுத்தேன். செய்தி வாசிப்பவர் மாதிரி ஓர் ஆண் குரல்.

மகள் கூப்பிட்டாள். இவர் பேசினார். அவள், "யாருங்க பேசறது? அப்பாகிட்ட குடுங்க" என்றாள். நான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன். பிறகு தன் போனில் பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறாள். எல்லாமே அழைப்புகள். எதையும் பதிவு செய்யவில்லை. அப்பா குரலை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

இந்தக் குரலுக்கு வீட்டுப் பேச்சு வாயில் நுழையவில்லை. "என்னடி பண்றே" என்பதை எழுத்து எழுத்தாகக் கடித்துத் துப்புகிறது. அதனால் இவர் சுத்தமான எழுத்துத் தமிழுக்கு மாறிவிட்டார். சமையலறை வாசலில் நின்று, "எனக்குச் சிறிது தண்ணீர் தர இயலுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், தோள் மட்டும் குலுங்க. சிரிப்புக்குச் சத்தம் எந்த ஆப்பிலும் இல்லை.

ஜூலை 6

ஒரு வாரமாக மூன்றாவது கட்டத்தில் நான் டிக் போடுவதில்லை. வாசித்துக் காட்டுகிறேன். "பழைய ஆப் ஏதாவது முக்கியமா வெச்சிருக்கீங்களா? அப்டேட் பண்ணா போயிடலாம்" என்று கேட்கிறேன். பாதிப் பேர் எரிச்சல்படுகிறார்கள். ஒரு பாட்டு டீச்சர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ வேண்டாம்" என்றார். அவர் போனுக்கு லென்ஸ் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தான். இருபது நிமிட வேலை. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மேலாளர் கூப்பிட்டார். "ஒருத்தருக்கு நாலு நிமிஷம். நீங்க பதினொண்ணு எடுக்கறீங்க."

"அவங்க போன் சார்" என்றேன். தைரியம் எல்லாம் இல்லை. வாயில் வந்துவிட்டது.

ஜூலை 13

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கூடவே உதிரிபாக அறைக்கு மாற்றல். ஜன்னல் இல்லாத அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாம் கவுன்ட்டரில் புதுப் பெண். பேனா அட்டையில் படும் சத்தம் இங்கே கேட்கிறது. கடகடவென்று ஐந்து. கெட்டிக்காரப் பெண்.

ஜூலை 19

இன்று சொல்லிவிட்டேன்.

இவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "கம்பெனி பண்ணலைங்க. நான்தான் டிக் போட்டேன். நீங்க சொன்னதை மறந்துட்டேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்" என்றேன். குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தட்டச்சு செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது இவருக்கு.

"தெரியும். படிவத்தின் நகல் போன் வந்த பையிலேயே இருந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

மறுபடி தட்டினார். அந்தச் செய்தி வாசிப்பவர் நிதானமாகச் சொன்னார்:

"இந்தக் குரலில் உன்னைத் திட்ட எனக்குப் பிடிக்கவில்லை."

குழாயை மூடினேன். திட்டியிருக்கலாம். எந்தக் குரலிலாவது திட்டித் தொலைச்சிருக்கலாம் இந்த மனுஷன். அவர் போனை வைத்துவிட்டு மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 2

பழைய போனைச் சார்ஜில் போட்டேன். போடாவிட்டாலும் உள்ளே இருப்பது அழியாது என்று லென்ஸ் சொல்லியிருக்கிறான். தெரியும்.

ஆகஸ்ட் 11

இவர் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்குப் புதுக் குரல் பிடித்திருக்கிறதாம். தெளிவாக இருக்கிறது என்கிறார்களாம்.

ஆகஸ்ட் 23

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்: "மழை வரும்போல் இருக்கிறது. குடையை எடுத்துக்கொள்."

"எடுத்துக்கிட்டேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யாரோ என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இவர் கூப்பிட்டார், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

முன்பு இதை எப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். "குடை எடுத்துக்கிட்டியா?" வார்த்தை வந்தது. ஆனால் செய்தி வாசிப்பவர் குரலில் வந்தது. என்னைத் திட்டுவதை நினைத்துப் பார்த்தேன். மகளைக் கூப்பிடுவதை. கல்யாணமான புதிதில் போனில் பேசியதை. எல்லாவற்றையும் அந்தச் செய்தி வாசிப்பவரே வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தேன். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.