இல்லாத மருமகன்

அகதி முகாம், காரமடை வழி,
14.9.1998

அன்பு மகன் வின்ஸ்டனுக்கு, ஆண்டவரின் கிருபையால் நானும் அம்மாவும் தங்கச்சி ஜெனிதாவும் சுகம். கனடாக் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறதென்று எழுது. நீ அனுப்பிய ஸ்பொன்சர் படிவங்கள் கிடைத்தன. தாய் தகப்பனோடு, கல்யாணமாகாத, பத்தொன்பது வயது நிரம்பாத பிள்ளையையும் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தாய். தங்கச்சிக்கு வருகிற மாசியில் பத்தொன்பது. அதில்தான் சிக்கல். உன்னிடம் இதுவரை மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மண்டபம் கரையில் வந்திறங்கியபோது, குமர்ப்பிள்ளை மேல் எவனும் கண் வைக்கக்கூடாதென்று அவளைக் கல்யாணமானவள் என்று முகாமில் பதிந்துவிட்டேன். புருசன் பெயர் கேட்டார்கள். எங்களை ஏற்றி வந்த தோணிக்காரன் சவிரிமுத்துவின் பெயர்தான் வாயில் வந்தது. அறுபது வயதுக் கிழவன் எனக்கு மருமகனானான்! அன்றைக்கு அம்மா சிரித்தாள், இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

காந்திபுரத்தில் வக்கீல் திருமூர்த்தியைப் போய்ப் பார்த்தேன். முகாம் பதிவின் நகலைத் தூதரகத்தில் கேட்பார்களாம். மருமகன் செத்துவிட்டதாகச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னதையும் சொன்னேன். என் மனம் அதில் சறுக்கியது உண்மைதான். வக்கீலோ, "ஏனுங்க, பொய்க்கு மேல பொய் சொன்னா அம்மணிக்கு மட்டுமில்லீங்க, உங்க எல்லாத்துக்குமே கதவச் சாத்திப்போடுவாங்க, நடந்தத நடந்தபடி எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் ஜெனிதா, "இல்லாத மனுசனுக்கு நான் எத்தினை வரியம் பெண்சாதியா இருக்கிறது அப்பா?" என்று கேட்டாள். காக்கிறேன் என்று நினைத்துப் பிள்ளையின் காலைக் கட்டிப்போட்ட புத்திகெட்டவன் நான். உண்மையைச் சத்தியக் கடதாசியில் எழுதி, ஒப்பமிட்டுத் தூதரகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஏற்பார்களோ தெரியாது. உன் படிவத்தில் அவளைக் கல்யாணமாகாதவள் என்றே எழுது, வேறெதையும் கூட்டாதே. மறுத்துவிட்டால், உங்கள் கோயிலில் ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பெடுத்து அவளை அகதியாகத் தனியே அழைக்க வழியுண்டாம், பாதரிடம் கேட்டுப் பார். அதற்கு வருடக்கணக்கில் ஆகுமென்கிறார் வக்கீல். அதுவரை அம்மா மட்டும் உன்னிடம் வரட்டும். நான் இவளோடு இங்கே இருக்கிறேன். அன்றைக்குப் பொய்யை எழுதிக்கொடுத்தது என் கைதானே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. தேவமாதா உனக்குத் துணையிருப்பா. தங்கச்சியை மறுத்தால் நான் வரப்போவதில்லை என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டாள். போனில் வாய் தவறிவிடாதே மகன்.

உன் அப்பா,
தேவானந்தம்