எண்ணூற்றைம்பது அடி

2003 மார்ச் 2, ஞாயிறு

போர் குழாய் காலையிலிருந்து இருமுகிறது. அரை வாளி தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. முந்நூறு அடி. ஹைதராபாத் சிந்தலில் இந்த வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு குறை வைத்ததில்லை. போன வருடம் மழை ஏமாற்றிவிட்டது.

வருகிற செப்டம்பரில் மகள் ரோகிணிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் ஜூலையில் இங்கே வருவாள். மாடியில் குளியலறையோடு ஓர் அறை கட்டப்போவதாக பெங்களூர் சம்பந்தியிடம் பெருமையடித்திருக்கிறேன். அதற்காக பி.எஃப். பணத்தை எடுத்தாயிற்று. கொத்தனார் ஏப்ரலில் வருகிறார்.

மார்ச் 9

பக்கத்து வீட்டு வேணுகோபால் சொல்லாமல் கொள்ளாமல் நானூற்றைம்பது அடி இறக்கிவிட்டார். மகன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர், டாலர் வருகிறது, இறக்குகிறார். மதியம் அங்கே தண்ணீர் பீய்ச்சியடித்தது. சாயங்காலம் எங்கள் குழாயில் சொட்டு இல்லை. என் தண்ணீரை உறிஞ்சுகிறார் மனுஷன்!

மார்ச் 14

பாலாநகர் ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் இன்று என் பேச்சு. சோவியத் ஏன் விழுந்தது? எதிராளி ஒன்று செய்தால் இவன் இரண்டு செய்தான், ஆயுதக் கிடங்கு நிரம்பியது, கடையில் ரொட்டி இல்லை என்றேன். நல்ல கைதட்டல். திரும்பும் வழியில் போர் போடும் ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுத்தேன்.

மனைவி சாந்தாவிடம் பேச்சைச் சொல்லிக் காட்டினேன். "அந்த நாட்டுக்கு ஒரு பொண்டாட்டி இருந்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பா" என்றாள். என்ன அர்த்தமோ.

மார்ச் 16

ரிக் வண்டி திருச்செங்கோட்டுக்காரர்களுடையது. துரைராஜ் என்று ஒருவர் மேஸ்திரி. ஹைதராபாத்தில் வாசலில் வந்து நின்று "காபித்தண்ணி கெடைக்குமுங்களா" என்று ஒருவர் கேட்டால் மனசு இளகாதா? நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். வேணுகோபால் மதிலுக்கு ஒட்டினாற்போல் தேங்காய் எழுந்து நின்றது. எனக்கு அப்படியொரு திருப்தி.

அறுநூறு அடி. தண்ணீர்! இருட்டுவதற்குள் அவர் வீட்டு மோட்டார் வறட்டுச் சத்தம் போட்டது. எனக்கு வருத்தமில்லை. இல்லவே இல்லை.

ஏப்ரல் 6

அதே வண்டி, அதே துரைராஜ், இன்று வேணுகோபால் வீட்டில். எழுநூற்றைம்பது. எங்கள் குழாய் மறுபடி வறண்டது. என் ஆழத்தை இவரே அங்கே சொல்லியிருக்கிறார். நீர் ஒரு தமிழரா என்று சண்டை பிடித்தேன். "நீங்களும் வேணும், அவுங்களும் வேணுமுங்க சார். எங்களுக்குப் பகை ஏதுங்க" என்றார் நிதானமாக. காபியும் அங்கேதான் குடித்தார்.

கொத்தனாரை மே மாதம் வரச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 20

எண்ணூற்றைம்பது. கல்தூள். கல்தூளைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு வீட்டுக் கொடியிலும் துணியெல்லாம் வெள்ளை. இன்னும் நூறு அடி போய்ப் பார்க்கலாமுங்க என்கிறார் துரைராஜ். எதை வைத்துப் போவது? பி.எஃப். பணம் முழுக்கப் போயிற்று.

ஏப்ரல் 27

வேணுகோபால் மறுபடி இறக்கினார். அங்கேயும் தூள்தான். சிரித்தேன். சாந்தா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

மே 4

சம்பந்தி போன் செய்தார். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது, பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு சாந்தா அழுதாள். "எம் பொண்ணுக்கு ஒரு வாளி வெந்நீர் வெக்க வக்கில்லாமப் போச்சே."

யாரால்? என்னால்தான். வேணுகோபாலாலும். இல்லை — என்னால்தான்.

மே 11

விடிகாலை டேங்கர் லாரிச் சத்தம். வெளியே போனால், எங்கள் தொட்டியிலிருந்து மதில்மேல் ஒரு ரப்பர் குழாய் அந்தப் பக்கம் போகிறது. முழு லோடானால்தான் லாரி வருமாம். ஒரு தொட்டிக்கு அது அதிகம். அதனால் சாந்தாவும் வேணுகோபால் மனைவி விஜயகுமாரியும் பத்து நாளாகப் பாதிப் பாதி. "மீகு தெலியதா அன்னய்யா?" என்று விஜயகுமாரி ஆச்சரியப்பட்டார். தெரியாது அம்மா, எனக்கு ஒன்றுமே தெரியாது.

மதிலுக்கு அந்தப் பக்கம் வேணுகோபாலும் வாளியோடு திகைத்து நின்றார். அவருக்கும் தெரியாது. எத்தனை அடி என்று கேட்டார். எண்ணூற்றைம்பது என்றேன். "தொம்மிதி வந்தலு" என்றார். தொள்ளாயிரம். அப்போதும் ஐம்பது அடி கூடுதல்!

ஜூன் 15

மழை. இரண்டு மொட்டை மாடித் தண்ணீரையும் என் பழைய முந்நூறு அடிப் போருக்குள் விட நானும் வேணுகோபாலும் குழாய் பூட்டினோம். யார் குழாய் பெரியது என்று ஆரம்பித்தோம். விஜயகுமாரி ஒரே அளவில் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 6

பழைய போரில் ஒரு வேளைக்கு நாலு வாளி. சாந்தா பெங்களூருக்கு போன் போட்டுச் சத்தமாகப் பேசினாள்.

ஜூலை 20

ரோகிணி வந்துவிட்டாள். முகம் பூரித்திருக்கிறது. என் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். குளித்துவிட்டு வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டே, மாடியில் அறை கட்டுவதாகச் சொன்னீர்களே, எங்கே அப்பா என்று கேட்டாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

சாந்தா அவளைக் கைபிடித்து மதிலோரம் கூட்டிப்போய், வறண்ட போரின் மூடி போட்ட இரும்புக் குழாயைக் காட்டினாள்.

"இதோ. கீழ்ப்பக்கமாக் கட்டியிருக்கார் உங்கப்பா."