கப்பல் வராத வாரம்

13-10-52, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை ஓட்டை. தொழில் விசாரணைச் சீட்டுகளுக்கு எண் போடும் வேலை. இன்று ராயபுரம் கட்டு. எங்கள் சந்தும் அதில். பழைய விசாரணையில் ‘துறைமுகத்தில் கரி சுமப்பவர்’ என்றிருந்த எங்கள் சந்துப் பெண்கள் பதினெட்டுப் பேரும் இந்தத் தடவை ‘வேலை இல்லை, வீட்டோடு’. அம்மாவும். சூப்பரின்டெண்டிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே எண் போட்டேன்.

14, செவ்வாய்
தலையிலிருந்து கரித்தூளை அலசிக்கொண்டே அம்மா சொன்னாள்: “சீட்டு எழுத வந்தவன் போன வாரம் இன்னா வேலை செஞ்சேனு கேட்டான். கப்பலே வர்லியே. சும்மா குந்திகினு இருந்தேன்னேன். சர்க்கார் ஆளாண்ட பொய் சொல்லணுமா?”
போன விசாரணையில் கேட்டது வழக்கமான தொழில். கேள்வியை மாற்றியது யாரோ.

15, புதன்
வாங்க: சோப்பு, நிப்.
இந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் துறைமுக கேட்டில் பில்லை தருவார்களாம். பில்லை இல்லாதவர்கள் இனி உள்ளே போக முடியாது. பக்கத்து மேஜை சரோஜா சொன்னாள். சனிக்கிழமை கட்டு துறைமுகத்துக்குப் போகிறது.
“உங்கம்மா வீட்டோடதானே?” என்றும் கேட்டாள். சேர்ந்த அன்று அப்படித்தான் சொல்லியிருந்தேன்.


16, வியாழன்
சூப்பரின்டெண்ட் முன்னால் போய், பதினெட்டுச் சீட்டும் தப்பு என்றேன்.
“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? சீட்டுல இருக்கறதுதான் கணக்கு. அவங்களோ, வீட்டுச் சொந்தக்காரங்களோ நேர்ல வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டா திருத்தலாம். கைநாட்டு ஆகாது.”
எல்லோரும் பார்த்தார்கள். “சரி சார்” என்று வந்துவிட்டேன்.
எங்கள் சந்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

17, வெள்ளி
குழாயடியில் பக்கத்து வீட்டு மேரியக்கா அம்மாவிடம்: “நம்ம பொண்ணு ஆபீஸ்ல கீது. நமக்கு இன்னா பேஜாரு?” அம்மாவுக்குச் சிரிப்பு. பதினெட்டில் மேரியக்காவும் ஒருத்தி. குடம் நிறையுமுன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

18, சனி
அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். ‘உறவு’ என்ற இடத்தில் மகள். சரோஜா படித்துவிட்டுத் தன் சீட்டுகளைப் பார்க்கத் தொடங்கினாள்.
“ஒண்ணுதானே?” என்றார் சூப்பரின்டெண்ட்.
மற்ற பதினேழு பேருக்கும் நானே எழுதுகிறேன் என்றேன். முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் பெரிதாக வந்தது. “அவங்களுக்கு நீங்க யாரும்மா?”
மூன்று மணிக்கு, அம்மாவின் சீட்டு மட்டும் திருத்தப்பட்டு, கட்டு போய்விட்டது.
மழை விட்டிருக்கிறது. கப்பல் ஊதுகிறது. மேரியக்கா கூடையோடு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடுகிறாள்.