மோதிரமும் கடைவாய்ப் பல்லும்

இயேசு மரி சூசை துணை
எடமலைப்பட்டி புதூர், திருச்சி

அன்பு மகள் ஆன்சிக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், அதனால்தான் கடிதம். டேனியலுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்த அவன் அப்பாவும் அம்மாவும் நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். டேனியலின் அப்பா பல் டாக்டர், மார்மன் என்ற அவர்கள் கிறிஸ்தவ சபையில் பிஷப்பும் அவர்தான், அங்கே குடும்பஸ்தர்களே சம்பளம் இல்லாமல் சில வருஷம் அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குப் புரிந்தது. அப்பா நம் கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் ஆயிற்றே, அவர் காதில் பிஷப் என்பது மட்டும்தான் ஏறியது. பொன்னாடையோடு விமான நிலையத்துக்கு வந்தவர், டாக்டர் வெளியே வந்ததும் சட்டென்று முழந்தாளிட்டு, கல்யாணமே செய்துகொள்ளாத நம் பிஷப் ஆயருக்குச் செய்வதுபோல் அவர் கை மோதிரத்தில் உதட்டை வைத்து முத்தி செய்துவிட்டார். அது கல்யாண மோதிரம். அப்பா மயங்கி விழுகிறார் என்று நினைத்து டாக்டர் தூக்கிவிட்டார், அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இந்தக் கலவரத்தில் பொன்னாடை பையிலேயே தங்கிவிட்டது. காரில் அப்பா என் காதில், "ஆயரு பொண்டாட்டியோட வந்திருக்காரு லூர்து" என்றார், ஏதோ நான்தான் கட்டிவைத்தது மாதிரி.

சபை வழக்கப்படி அவர்கள் காபி, டீ தொடுவதில்லை, நன்னாரி சர்பத் கொடுத்தேன். நாம் பூசையில் வாங்கும் அப்பத்தை நினைத்து, உங்கள் சபையில் நன்மை எப்படிக் கொடுப்பீர்கள் என்று அப்பா விடாமல் துருவினார். அப்பமும் தண்ணீரும், விடலைப் பிள்ளைகள் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள், திராட்சை இரசம் கிடையாது என்றார் அவர். அடுக்களைக்கு வந்த அப்பா, கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் தண்ணீரை இரசமாக்கினார், இவர்கள் இரசத்தைத் தண்ணீராக்கிவிட்டார்களே என்றார். உங்களுக்கு எந்தக் காலத்தில் இரசம் கிடைத்தது, அதைப் பூசை வைக்கிற சாமியார்தானே குடிக்கிறார் என்றேன். கிண்டல் எல்லாம் மேலுக்குத்தான் ஆன்சி, உள்ளே அவருக்குப் பயம். கல்யாணமானால் நம் பிள்ளை பூசையையும் நன்மையையும் விட்டுவிடுவாள் என்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, கேட்டால் பல்வலி என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் இந்தச் சம்பந்தம் முடியாது என்று சொல்லிவிடப் போவதாக என்னிடம் தீர்மானமாகச் சொன்னார்.

அந்தப் பூசைக்கு அவர் டை கட்டி, அந்த அம்மா மடிப்புக் கலையாமல் வந்து பணிவாக உட்கார்ந்திருந்தார்கள். நன்மை வாங்கித் திரும்பிய அப்பாவின் வீங்கிய கன்னத்தையே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், அப்பா பேச்சை ஆரம்பிப்பதற்குள் ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஸ்பூனை உள்ளே விட்டுவிட்டார். பல்லைத் தட்டிக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசினார். டேனியல் ஞாயிற்றுக்கிழமை தன் சபைக்குப் போகும் முன் உனக்குப் போன் செய்து எழுப்புவானாம், நீ எடுக்கமாட்டாயாம், அதனால் வாசலில் வந்து ஹாரன் அடித்து, உன்னை நம் சபைப் பூசையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போவானாம், இல்லாவிட்டால் நீ தூங்கிவிடுவாயாம். வாயில் ஸ்பூனோடு அப்பா என்னைப் பார்த்தார். நான் மாதா படத்தைப் பார்த்தேன். வாராவாரம் நீயாகவே பூசைக்குப் போய்வந்ததாகச் சொன்னதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

ஸ்பூன் வெளியே வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "இவளை அந்தப் பையன் கையிலயே புடிச்சுக் குடுத்துருவோம், நம்மளால ஆகாது" என்பதுதான். திங்கட்கிழமை தில்லை நகர் பல் ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கியாயிற்று. பையன் வேறு சபை என்பதால் கல்யாணத்துக்கு நம் ஆயரிடம் அனுமதி வாங்கித் தருவதாகப் பாதர் சொல்லியிருக்கிறார். நேற்று விமான நிலையத்தில் அப்பா முழந்தாளிடவில்லை, பொன்னாடையைப் போர்த்தி, "போயிட்டு வாங்க சம்பந்தி" என்றார், கண் கலங்கியிருந்தது, பல்வலிதான் என்றார்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக, ஆரோக்கிய மாதா கூடவே இருக்கட்டும். ஸ்வெட்டரை மறக்காதே. கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு ஞாயிறாவது ஹாரன் அடிப்பதற்குள் வாசலில் வந்து நில், அப்பாவிடம் நீ நிற்பாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் பிரியமுள்ள அம்மா,
லூர்துராணி