கழுவிவிட்ட சேறு

அன்புள்ள இசாமுவுக்கு, அப்பா எழுதுவது. ஷிஸுவோகாவில் நானும் அம்மாவும் சுகம், ஸப்போரோவில் பனி இன்னும் கரைந்திருக்காது, நெஞ்சுச் சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். புதுத் தேயிலை வந்ததும் அனுப்புகிறாளாம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றதற்கு நீ செய்து அனுப்பிய பரிசு செவ்வாய்க்கிழமை வந்தது. பிரித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, மறைப்பானேன். என் பாரவண்டியேதான், இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில், ஏணி, கண்ணாடி, பின்னால் நீள ட்ரெய்லர், எல்லாம் பிளாஸ்டிக்கில் பிசகில்லாமல். ஆனால் சக்கரமெல்லாம் சேறு, கதவில் சேறு, புகைக்குழாயில் துரு. முப்பத்தொரு வருடம் ரயில் பெட்டியும் மின்மாற்றியும் ட்ரெய்லரில் ஏற்றி இழுத்தவன், சக்கர நட்டைக்கூடப் பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன், ஒருநாள்கூட என் வண்டி அழுக்காக ஊருக்குள் நுழைந்ததில்லை என்று அம்மாவிடம் கத்தினேன். பக்கத்து வீட்டு சுகியாமா, பொழுதெல்லாம் பொம்மை டாங்கி ஒட்டுகிற மனிதர், இதைப் பார்த்து வாயைப் பிளந்தார். "சேறு அச்சு அசலா இருக்கு, எனக்குக் கை வராது" என்றார். இதற்கென்றே சேற்று நிறம் புட்டியில் விற்கிறதாம், காசு கொடுத்து வாங்கி அப்புகிறார்களாம். கேட்கவே அருவருப்பாக இருந்தது.

அவர் போனதும் பொறுக்காமல் சமையலறைத் தொட்டியில் வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்தேன். சேறு போயிற்று, கூடவே கதவிலிருந்த கம்பெனி நீலக் கோடும் போயிற்று, இடது பக்கக் கண்ணாடி முறிந்து சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை, துண்டால் வண்டியைத் துடைத்தபடியே, "அவன் உங்க வண்டியைக் கிட்டத்துல பாத்ததே ஒரு தடவைதானே, அன்னிக்கு இப்படித்தானே இருந்துச்சு" என்றாள்.

அப்புறம்தான் நினைவு வந்தது. புயல் மழைக்கு மறுநாள், மலையிலிருந்து இறங்கி, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, கழுவ நேரமில்லாமல் உன் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஓட்டி வந்தேன். உனக்கு ஏழு வயது, வேலியைத் தாண்டி ஓடி வந்து டயரில் இரண்டு கையையும் வைத்தாய். மற்ற அப்பாக்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம். "தொடாதே, அசிங்கம்" என்று கத்திவிட்டு, நீ பந்தயத்தில் ஓடுவதைக்கூடப் பார்க்காமல் வண்டி கழுவப் போய்விட்டேன். நான் அதை மறந்தே போனேன். நீ எந்தப் பக்கம் எவ்வளவு தெறித்திருந்தது என்பதுவரை நினைவில் வைத்திருந்து, உட்கார்ந்து செய்திருக்கிறாய், அதையும் நான் கழுவிவிட்டேன். என்னை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.

வண்டி செருப்பு அலமாரி மேல் பளபளவென்று நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, பனியில் பிரேக்கை மெதுவாக மிதி. ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது அந்தச் சேற்றுப் புட்டியை மறக்காமல் எடுத்து வா. சுகியாமா தன்னுடையதைத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். எங்கெங்கே தெறித்திருந்தது என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு, நான் பூசுகிறேன்.

உன் அப்பா,
தெய்ஜி